நாற்பத்தோராவது நிமிடம்

வூப்பர்டாலில் நவம்பரின் கடைசிச் சனி, நள்ளிரவில்
ஆற்றோரத் திரையரங்கு அந்தப் படத்தைப் போடும்.
வெளிவந்த வருஷம் எட்டு நாள்கூடத் தாங்காத படம்.
இப்போது வசனத்தை நடிகனுக்கு முந்திச் சொல்ல
இருநூறு பேர் வருகிறார்கள்,
அவன் போட்ட அதே மஞ்சள் மழைக்கோட்டோடு.

எனக்கு மழைக்கோட்டு இல்லை.
நாற்பத்தோராவது நிமிடத்துக்காகப் போகிறேன்.

லொறிக்காரன் பெற்றோல் அடிக்கிறான். மழை.
கண்ணாடிக் கொட்டிலுக்குள் எங்கோ ஒரு வானொலி.
ஐம்பத்திரண்டு வினாடி.
பிறகு கதவை அடித்துச் சாத்துகிறான், போச்சு.
கடைசியில் ஓடும் பெயர்களில்
தொப்பி தைத்தவள் இருக்கிறாள், நாய் இருக்கிறது.
அந்த இசையைச் செய்தவன் இல்லை.

பகலில் எனக்குக் காது வேலை.
கிழவர்களின் செவிக்குள் பொறி பொருத்தி
எந்தச் சுருதியில் உலகம் நழுவுகிறது என்று கோடு கீறுவது.
ஆனாலும் இவர்களின் ஐந்து கோட்டில் எழுத வராது.
ரசீதுக்குப் பின்னால் எழுதினேன்:
க ம ப – டிங் – ம க ரி – டிங் – ஸா, ஸா – டிங்.
பழைய இசைத்தட்டு விற்கும் டெட்லெஃப்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்:
"இதென்ன, மருந்துச் சீட்டா?"

பாடிக் காட்டினேன். டிங் வரும் இடத்தில்
அவனுடைய தேநீர்க் கோப்பையில் தட்டினேன்.
"மணி உள்ள மெட்டு" என்று குறித்துக்கொண்டான்.
பதினொரு வருஷம்
மணி உள்ளதெல்லாம் கொண்டுவந்தான்:
மாட்டு மணி, சறுக்குவண்டி மணி,
ஒருமுறை தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியம்.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன், இல்லையென்று.
எங்கள் தலையாட்டல் விளங்காமல்
இரண்டைக் காசு வாங்காமல் தந்துவிட்டான்.

போன பங்குனியில் ஒரு தாள் கிடைத்தது.
காப்புரிமைக் கட்டணத்துக்கென
யாரோ அலுப்போடு தட்டச்சிட்ட பட்டியல்.
*தட்டு 118, மறுபக்கம், ஏழாவது:
தொழிற்சாலை, மிதமான உற்சாகம்.*
பதினொரு வருஷம் நான் காதலித்ததன் பெயர் அது.

செய்தவருக்கு நான்கு பெயர், நான்கும் வரிக்காக.
ஐந்தாவது, சொந்தப் பெயரில்
ரெம்ஷைட் மயானத்தில் கிடக்கிறார்.
மகள் ரோஸ்வித்தா பனிச்சறுக்குச் சப்பாத்துப் பெட்டியிலிருந்து
தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டாள்.

மழை இல்லை. பெற்றோல் இல்லை. லொறிக்காரனின் இருமல் இல்லை.
கழுவித் துடைத்த பிணம் போல இசை.
க ம ப –
கையை ஓங்கிக் காத்திருந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
ம க ரி –
ஒன்றும் வரவில்லை.

"மணியா? அப்பா மணி பக்கமே போகமாட்டார்."
"அப்ப ஏன் இந்த இடைவெளி?"
"தொழிற்சாலை விளம்பரத்துக்குச் செய்தது.
பேசுகிறவன் இரும்பு, தொன், ஏற்றுமதி என்று சொல்ல
இடம் விடவேண்டுமே."

திரும்பும்போது தொங்குரயிலில் இருந்து
கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
ஓலிக்ஸ்மியூலைக்குப் பிறகுதான் உறைத்தது:
அந்தக் காலத்துப் பெற்றோல் நிலையத்தில்
தரையில் ஒரு றப்பர்க் குழாய் கிடக்கும்.
சில்லு ஏறினால் உள்ளே மணி அடிக்கும்,
ஆள் வந்திருக்கிறான் என்று.

யாரோ வந்திருக்கிறான்.
படச்சட்டத்துக்கு வெளியே, மழையில், மெதுவாக,
பேச்சுக்கென்று ஒருவர் ஒழித்து வைத்த இடத்தில்
ஏறியிருக்கிறான், தாளம் பிசகாமல்.

டெட்லெஃபுக்குச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன்.
கணக்குப் பார்த்தான், விரல் விட்டு:
"முன் சில்லு ஒன்று. பின் சில்லு ஒன்று.
மூன்றாவது டிங் யாருடையது?"

இந்த நவம்பரில் அவனும் வந்தான்.
இருநூறு மஞ்சள் கோட்டுகள் வசனம் சொல்ல
நாங்கள் இருவரும் திரையின் இடது ஓரத்தையே பார்த்திருந்தோம்.
"எத்தனை மணி?" என்று நான் தமிழில் முணுமுணுத்ததற்கு
கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே
பக்கத்தில் இருந்து அவன் சொன்னான்:
"பின்னால் எதையோ இழுத்துக்கொண்டு போகிறான்."